தியேட்டர் வாசலிலிருந்து திரும்பி வந்தவர்

அன்புள்ள அக்காவுக்கு,

பாலக்கோடு பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். என் அப்பாவுக்கு 58 வயது. மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்க்கிறார். இரண்டு மாதத்துக்கு முன் நெஞ்சு வலி வந்து ஆஞ்சியோ பார்த்ததில் மூன்று ரத்தக்குழாயிலும் அடைப்பு, பைபாஸ்தான் வழி என்றார்கள். முதலமைச்சர் காப்பீட்டில் அனுமதி கிடைத்து, போன திங்கட்கிழமை காலை ஆபரேஷன் என்று முடிவானது. ஊரிலிருந்து ஆறு பேர் வேனில் வந்து ரத்தம் கொடுத்தார்கள். இந்தத் தடவை புழு வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். ஞாயிறு ராத்திரி நெஞ்சும் காலும் ஷேவ் செய்து, மருந்து சோப்பு போட்டுக் குளிக்க வைத்து, காலில் பேனாவால் கோடு போட்டார்கள். காலையில் பச்சை அங்கி மாட்டி ட்ராலியில் தியேட்டர் வாசல் வரை கொண்டுபோனார்கள். முக்கால் மணி நேரம் கழித்து அப்படியே திரும்பக் கொண்டுவந்து, “இன்னைக்கு இல்ல, தேதி ஃபோன்ல சொல்றோம்” என்றார்கள். மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அன்றிலிருந்து அப்பா யாரோடும் பேசுவதில்லை. காலியாகக் கிடக்கிற புழு மனையில் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறார். மாத்திரை கொடுத்தால், “அறுக்கணும்னு எழுதியிருந்தா அன்னைக்கே அறுத்திருப்பாங்க, இனிமே நான் வரல” என்கிறார். தம்பியிடம் மட்டும் ஒன்று சொல்லியிருக்கிறார். முந்தின நாள் மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் போய் யாருக்கும் தெரியாமல் ஒரு பீடி பிடித்தாராம். அதைக் கண்டுபிடித்துத்தான் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அவரை எப்படித் தேற்றுவது அக்கா?

*

அன்புள்ள தங்கைக்கு,

கடிதம் வந்த அன்றே மாத்திரை விஷயமாக நாலு வரி தனியாக அனுப்பியிருந்தேன். பதில் வரவில்லை, அதனால் இங்கேயும் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பைபாஸுக்கு நாள் குறித்ததும் க்ளோபிடோக்ரெல் என்ற மாத்திரையைப் பொதுவாக ஐந்து நாள் முன்னாலேயே நிறுத்தச் சொல்வார்கள். ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்கிற மாத்திரை அது. உடம்பில் இருந்தால் ஆபரேஷனில் ரத்தக்கசிவை நிறுத்துவது கஷ்டம். ஆஸ்பிரினைப் பெரும்பாலும் நிறுத்த மாட்டார்கள். ஆனால் இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரையாகத்தான் நிறையப் பேர் போடுகிறார்கள், அதை நிறுத்தினால் இரண்டும் நின்றுவிடும். உங்கள் அப்பாவுக்கு எது நிறுத்தப்பட்டிருந்தாலும், அது அந்தத் திங்கட்கிழமையைக் கணக்கு வைத்து நிறுத்தியது. அந்தத் திங்கட்கிழமை போய்விட்டது. அடைப்பு அப்படியேதான் இருக்கிறது. எதைத் திரும்பத் தொடங்குவது, எதை இன்னும் நிறுத்தி வைப்பது என்று ஒரு டாக்டர் சொல்லியாக வேண்டும். சர்க்கரை மாத்திரை ஏதாவது நிறுத்தியிருந்தால் அதற்கும் இதே பேச்சுதான். டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் இன்றைக்கே வார்டுக்கு ஃபோன் போடுங்கள். யாரும் எடுக்கவில்லை என்றால் தம்பி அந்தச் சீட்டோடு நேரில் போகட்டும். நீங்களாக முடிவு செய்ய வேண்டாம், நானும் சொல்லக்கூடாது.

உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்து சில நிமிடத்தில் விடவில்லை, வேர்க்கிறது, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது, இதில் எது ஒன்று என்றாலும் எந்தத் தேதிக்காகவும் காத்திருக்கக் கூடாது. உடனே 108. நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை கொடுத்திருந்தால் அவரை உட்கார வைத்துவிட்டு வையுங்கள், நின்றபடி வைத்தால் தலை சுற்றி விழுந்துவிடுவார்.

சரி, இனி அந்தப் பீடி.

அந்த வரியைப் படித்ததும் என்னால் மேலே படிக்க முடியவில்லை. எழுந்து போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்துதான் மிச்சத்தைப் படித்தேன்.

எங்கள் ஊர் காவேரிப்பட்டணம் பக்கம். 2006ல் அம்மாவுக்கு இதயத்திலிருக்கிற மைட்ரல் வால்வை மாற்ற வேண்டும் என்றார்கள். சின்ன வயதில் தொண்டைப் புண்ணும் மூட்டுக் காய்ச்சலும் வந்திருக்கிறது, அதன் மிச்சம் அத்தனை வருஷம் கழித்து வால்வைச் சுருக்கிவிட்டது. சென்னையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்பு பல் டாக்டர் ஒருவர் வந்து அம்மாவின் வாயைத் திறந்து பார்த்துவிட்டுப் போனார். மறுநாள், “இப்ப இல்ல, அப்புறம் வாங்க” என்று அனுப்பிவிட்டார்கள்.

ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்துத் தண்ணீர் எங்கள் பக்கம் வருவதற்கு முந்தைய காலம் அது. கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளோரைடு. அம்மாவின் வயதுக்காரர்கள் பாதிப் பேருக்குப் பல்லில் பழுப்புக் கறை இருக்கும். அம்மா சிரித்தால் கை தானாக முந்தானையைத் தேடும். ஊருக்கு வந்த பிறகு தினமும் விடியற்காலையில் கிணற்றடியில் குந்தி உட்கார்ந்து உமிக்கரியும் கல் உப்பும் போட்டுப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் கவனிக்கவில்லை. ஒருநாள் துவைக்கிற கல்லில் ரத்தம் பார்த்துவிட்டுக் கேட்டேன். “இந்த வாயைப் பார்த்துதான வேணாம்னு அனுப்பிட்டாங்க” என்றார்.

காரணம் அதுவே இல்லை. கடைவாய்ப் பல் ஒன்றின் வேரில் சீழ் இருந்திருக்கிறது. வால்வு வைக்கிற நேரத்தில் அந்தச் சீழிலிருக்கிற கிருமி ரத்தத்தில் கலந்து புது வால்வில் போய் உட்கார்ந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து, அதனால் முதலில் பல்லைப் பிடுங்க வேண்டும். அவ்வளவுதான். கேஸ் ஷீட்டில் இரண்டு வரி இங்கிலீஷில் எழுதியிருந்தது. அதை யாரும் அம்மாவிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. தேய்த்துத் தேய்த்து ஈறு புண்ணாகி, அது ஆறுவதற்கே இன்னொரு வாரம் போனது.

காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்பினால் நோயாளி சும்மா இருக்க மாட்டார். தன்னிடம் எது குறை என்று ஏற்கெனவே கூச்சப்படுகிறாரோ, அதையே காரணமாக எடுத்துக்கொள்வார். என் அம்மாவுக்குப் பல் கறை, உங்கள் அப்பாவுக்குப் பீடி. “எழுதியிருந்தா அறுத்திருப்பாங்க” என்று அவர் சொல்வதை நான் விதியைப் பற்றிய பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது தடவை போய் அதே காரணத்துக்காகத் திரும்பி வர அவருக்கு வெட்கமாக இருக்கிறது. அதனால் அவரோடு சாமியைப் பற்றி வாதம் செய்ய வேண்டாம். போய் உண்மைக் காரணத்தைக் கேட்டுக்கொண்டு வாருங்கள். உங்கள் அப்பாவைத் தேற்ற அதுதான் வழி.

தியேட்டர் வாசலில் வைத்துப் பீடியைக் கண்டுபிடிக்கிற சோதனை எதுவும் வழக்கத்தில் இல்லை. அந்த நேரத்தில் திருப்பி அனுப்புவதற்குப் பெரும்பாலும் வேறு காரணங்கள் இருக்கும். பைபாஸ் முடிந்ததும் நோயாளியை ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டரோடுதான் கொண்டுபோய்ப் படுக்க வைப்பார்கள். முந்தின நாள் ஆபரேஷன் ஆனவரை அங்கிருந்து மாற்ற முடியவில்லை என்றால் கட்டில் காலியாகாது, கட்டில் இல்லாமல் நெஞ்சைத் திறக்க மாட்டார்கள். ராத்திரியோடு ராத்திரியாக உயிர் போகிற நிலையில் ஒருவர் வந்தால் தியேட்டர் அவருக்குப் போகும். கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஏதாவது ஏறியோ இறங்கியோ இருக்கலாம், லேசாகக் காய்ச்சல் இருந்திருக்கலாம். இதற்கெல்லாம் தள்ளிப்போடுவதை நான் குறை சொல்ல மாட்டேன். காத்திருக்க முடிகிறவரைக் காத்திருக்கச் சொல்கிறார்கள். ஆனால் ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்து, வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பி வந்த ஒரு மனுஷனை ஒரு வார்த்தை காரணம் சொல்லாமல் அனுப்பியது தப்பு. அதைப் போய்க் கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது. சத்தம் போட வேண்டியதில்லை. “எங்க அப்பாவுக்கு ஏன் தள்ளிப்போச்சு? அவர் உடம்புல ஏதாவது சரியில்லையா, இல்ல இங்க இடம் இல்லையா?” என்று இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள். பதில் எதுவோ, அதை டாக்டரோ நர்ஸோ ஃபோனிலாவது அப்பாவிடமே சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் வந்து சொன்னால் சமாதானத்துக்குச் சொல்வதாக நினைப்பார்.

என் அம்மாவுக்கு இரண்டாவது தடவையும் தள்ளிப்போனது. இந்தத் தடவை வளையலை சோப்பு போட்டுக் கழற்றி, மெட்டியைக் கழற்றி என் கைக்குட்டையில் முடிந்து கொடுத்தாயிற்று. ஆறு மணிக்கு ஒரு நர்ஸ் வந்தார். நின்றபடி சொல்லிவிட்டுப் போகாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். “அம்மா, ராத்திரி ஒரு சின்னப் பையனை ரொம்ப மோசமா கொண்டு வந்தாங்க. உங்களுக்கு வெச்சிருந்த எடத்தை அவனுக்குக் குடுத்துட்டோம். வியாழக்கிழமை உங்களுக்குதான் முதல்ல” என்றார். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “பையன் பொழைச்சுக்கிட்டானா?” என்று கேட்டார். அப்புறம் பசிக்கிறது என்றார். கீழே போய் இட்லி வாங்கி வந்தேன், நாலு சாப்பிட்டார். மெட்டியை மட்டும் திரும்பப் போட மறுத்துவிட்டார். வியாழக்கிழமை வரை அந்த விரலில் வெள்ளையாக ஒரு வளையத் தடம் இருந்தது. வியாழக்கிழமை சொன்னபடியே முதல் ஆளாகப் போனார். இப்போது வயது 71, மாதா மாதம் ரத்தம் உறைகிற அளவைப் பார்த்துக்கொண்டு மாத்திரையோடு இருக்கிறார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது இன்னும் சிலதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எந்த நாளுக்குள் ஃபோன் வரும், வரவில்லை என்றால் நாம் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு பெயரும் நம்பரும் வேண்டும், “நாங்களே கூப்பிடுவோம்” என்ற பதிலோடு திரும்பி வந்துவிடாதீர்கள். காப்பீட்டுத் திட்டத்தின் கவுன்ட்டரில், வாங்கிய அனுமதி புதுத் தேதிக்கும் செல்லுமா, திரும்ப அனுப்ப வேண்டுமா என்று கேளுங்கள். குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிற திட்டம் அது, ஒரு தாள் விடுபட்டதால் இன்னொரு தடவை நாள் தள்ளிப்போகக் கூடாது.

ரத்தம் கொடுத்த ஆறு பேரும் வீணாகப் போய்விட்டதோ என்று நினைத்திருப்பார்கள். பிரித்து எடுத்த சிவப்பணுவை 35 முதல் 42 நாள் வரை வைத்திருக்கலாம், நடுவில் வேறு யாருக்காவது தேவைப்பட்டிருந்தால் அவருக்குப் போயிருக்கும். பிளேட்லெட் மட்டும் ஐந்து நாள்தான் தாங்கும். ஆண்கள் ஒரு தடவை கொடுத்தால் மூன்று மாதம் கழித்துத்தான் மறுபடி கொடுக்க முடியும். ஆகவே அடுத்த வேனுக்குச் சொல்வதற்கு முன்னால் ரத்த வங்கியில் இன்னும் எத்தனை பேர் தேவை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் முக்கியமாக அப்பாவின் காலைப் பாருங்கள். காலில் கோடு போட்டது அங்கிருந்து ரத்தக்குழாய் எடுத்து நெஞ்சில் வைத்துத் தைப்பதற்காக. ஷேவ் செய்த இடத்தில் இப்போது முடி முளைத்து அரிக்கும், சொறிந்தால் புண்ணாகும். மல்பெரித் தோட்டத்தில் கவாத்து செய்த கட்டை எப்படிக் குத்தும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செருப்பில்லாமல் அவர் தோட்டத்துக்குள் போகக் கூடாது. காலில் புண், இருமல், காய்ச்சல், பல் வலி, எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிடுங்கள். தியேட்டர் வாசலில் போய்ச் சொன்னால் இன்னொரு தடவை திரும்ப வேண்டியிருக்கும். மூன்று பந்து வைத்த பிளாஸ்டிக் டப்பா ஒன்று கொடுத்திருப்பார்கள். அது மூச்சை இழுத்துப் பந்தை மேலே தூக்குவதற்கு, நிறையப் பேர் ஊதிக்கொண்டிருக்கிறார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு சளி கட்டாமல் இருக்க இப்போதே பழகுவது நல்லது. எத்தனை தடவை, எவ்வளவு நேரம் என்று கேட்டுக்கொண்டு தினமும் செய்யட்டும்.

பீடியை அவர் விட்டே ஆக வேண்டும், அதில் சமாதானம் இல்லை. நுரையீரலுக்கும் கெடுதல், தையல் ஆறுவதற்கும் கெடுதல். அன்றைக்குப் பிடித்த ஒன்றையும் டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது, அவரே சொல்லட்டும். ஆனால் வீட்டில் யாரும் அந்த ஒரு பீடியைப் பற்றி இனி பேச வேண்டாம். மறுநாள் நெஞ்சைப் பிளக்கப் போகிறார்கள் என்ற பயத்தில் ஒரு மனுஷன் தனியாகப் போய் நின்றிருக்கிறார்.

ஒருவேளை அவர் ஆபரேஷனுக்கே பயந்து பேசுகிறார் என்றால் இதைச் சொல்லுங்கள். இந்தியாவில் முதல் பைபாஸை 1975ல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன் செய்தார். உங்கள் அப்பா அப்போது சின்னப் பையனாக இருந்திருப்பார். அன்றிலிருந்து நம் பக்கத்தில் பழகிப்போன வேலை இது.

விசாரிக்க வருகிறவர்களை உங்கள் அம்மா வாசலிலேயே உட்கார வைத்துப் பதில் சொல்லி அனுப்பட்டும். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து கதை சொல்கிற வேலை அப்பாவுக்கு வேண்டாம்.

புழு மனையில் படுத்திருப்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அது அவருடைய இடம். இரண்டு மாதமாக அவரைப் பற்றி டாக்டர், நீங்கள், அம்மா என்று எல்லோரும் முடிவெடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த ஒரு பேட்ச் புழுவை வேண்டாம் என்று சொன்னதும் அம்மாதான், அது சரியான முடிவுதான். இப்போது தோட்டம் இலை தழைத்துச் சும்மா நிற்கும். ஆள் விட்டுக் கவாத்து செய்யலாமா, இலையைப் பக்கத்துக்காரருக்குக் கொடுத்துவிடலாமா, ஆபரேஷன் முடிந்து எத்தனை நாள் கழித்து அடுத்த புழுவுக்குச் சொல்லி வைக்கலாம் என்று அவரிடம் போய்க் கேளுங்கள். ஆஸ்பத்திரி பேச்சை எடுக்காமல் அதை மட்டும் கேளுங்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவர் பதில் சொல்கிற வரை இருங்கள்.

தேதி வந்ததும் எனக்கு எழுதுங்கள். மாத்திரைக்கு என்ன சொன்னார்கள் என்பதை மட்டும் இன்றைக்கே ஒரு வரி அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா