நாற்பது வயதுக்கு மேல் ஐஐடி மெட்ராஸ் தகுதித் தேர்வு: எப்படித் தயாராவது?

பள்ளிக் கணக்கை விட்டு இருபது ஆண்டுகளான ஒருவர், ஐஐடி மெட்ராஸின் இணையவழி பி.எஸ். தரவு அறிவியல் படிப்புக்கான தகுதித் தேர்வில் தேற முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயம் முடியும். வயது வரம்பு இல்லை. முதல் 4 வாரப் பாடங்களை அவர்களே கற்பித்து, அதிலிருந்துதான் கேட்கிறார்கள்.

தேர்வுக்கான பாடங்களில் ஆங்கிலமும் புள்ளியியலும் அவ்வளவாக மிரட்டாது. கணிதத்துக்குத்தான் கூடுதல் நேரம் வேண்டும்: கணங்கள், சார்புகள், நேர்கோடுகள், இருபடிச் சார்புகள். விண்ணப்பிக்கும் முன்பே பழைய ஒன்பது, பத்தாம் வகுப்புப் புத்தகங்களை எடுத்துக் கணக்குகளைப் போட்டுப் பாருங்கள்; காணொளியை மட்டும் பார்த்தால் கை பழகாது. கணினிச் சிந்தனைப் பாடத்தில் நிரல் (கணினிக்கான கட்டளைத் தொகுப்பு) போன்ற குறிப்புகளை வரி வரியாக, மாறிகளின் (மதிப்பைத் தாங்கும் பெயர்கள்) மதிப்பை அட்டவணையில் எழுதியபடி பின்தொடருங்கள். பொறுமையுள்ள பெரியவர்களுக்கு இது கைகொடுக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

வாராந்தரப் பயிற்சிகளை விட்டுவிடாதீர்கள். அவற்றில் குறைந்தபட்ச மதிப்பெண் இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது. தேர்வு மட்டும் மையத்தில், நேரில்.