நகை அடகில், பித்தளை பரணில்

கேள்வி: நான் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை. வயது 47. சம்பளம் கைக்கு 62,000 ரூபாய் வருகிறது. கணவரின் ஜெராக்ஸ் கடையில் மாதம் 25,000 வரை கிடைக்கும். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். என் கொழுந்தனார் காரைக்குடிப் பக்கம் பழைய சாமான் வாங்கி விற்கிறார். அவர் பேச்சைக் கேட்டு மூன்று வருடத்தில் 8 லட்சம் ரூபாய்க்குப் பழம்பொருட்கள் வாங்கிவிட்டோம். தஞ்சாவூர் ஓவியம் 2.2 லட்சம், 40 வெள்ளி ரூபாய்கள் 1.4 லட்சம், பித்தளை அண்டா, விளக்குகள் 1.25 லட்சம், தேக்குப் பெட்டகம் 1.1 லட்சம், ரவிவர்மா படம் இரண்டு 90,000, எனாமல் பாத்திரங்கள் 70,000, கிராமபோன் 45,000. இதற்காக என் நகைகளை மூன்று தடவையாக வங்கியில் வைத்து 6.5 லட்சம் (9.5% வட்டி), தனியார் அடகு நிறுவனத்தில் 1.5 லட்சம் (22% வட்டி) வாங்கினோம். வருடா வருடம் வட்டியைக் கட்டித் திருப்பி வைக்கிறோம். இன்றைக்கு எல்லாம் சேர்த்து 20 லட்சம் போகும் என்கிறார் கொழுந்தனார். இப்போது ஒரு பழைய உலோக அம்மன் சிலை வந்திருக்கிறது, 3 லட்சம் புரட்டிக் கொடுங்கள் அண்ணி என்கிறார். இவற்றின் உண்மையான மதிப்பை எப்படித் தெரிந்துகொள்வது? மகளின் படிப்புச் செலவுக்கு இதை நம்பலாமா? விற்றால் வரி உண்டா?

பதில்:

டீச்சர், கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய படங்களையும் எடைப் பட்டியலையும் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: அந்தச் சிலைக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஆயிரம் ரூபாய் முன்பணம்கூட வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது. இதை நீங்கள் படித்து முடிப்பதற்குள் கொழுந்தனார் வாசலில் வந்து நின்றுவிடக் கூடாதே என்றுதான் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

தங்கம் நல்லதா, ஃபண்ட் நல்லதா என்று உங்களுக்குப் பாடம் எடுக்கப் போவதில்லை. கடிதத்தில் என்னை உறுத்தியது ஒரே ஒரு வரிதான்: "வருடா வருடம் வட்டியைக் கட்டித் திருப்பி வைக்கிறோம்." எந்தத் தெருவில், எந்த நேரத்தில் போனாலும் காசாகிற பொருள் தங்கம். அதைக் கொண்டுபோய்ப் பூட்டிவிட்டு, வாங்க ஆள் தேடி அலைய வேண்டிய சாமான்களை வீட்டில் நிரப்பியிருக்கிறீர்கள். சாமான் வட்டி தராது, வாடகை தராது. ஆனால் அடகுக் கடைக்காரருக்கு வட்டி போய்க்கொண்டே இருக்கிறது.

தோராயமாகப் போட்டுப் பார்ப்போம். வங்கிக் கடனுக்கு வருடத்துக்கு 62,000, தனியார் கடனுக்கு 33,000. ஆக 95,000, அதாவது மாதம் எட்டாயிரம் ரூபாய். எல்லாவற்றையும் முதல் வருடமே வாங்கவில்லை என்பதால் இதுவரை ஏறக்குறைய 2 லட்சம் வட்டி போயிருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் அசல் 8, வட்டி 2, அடக்கம் 10 லட்சம்.

சரி, கொழுந்தனார் சொல்லும் 20 லட்சம் நூற்றுக்கு நூறு உண்மை என்றே வைப்போம். அது கடையில் சீட்டு ஒட்டி வைக்கிற விலை. 100 ரூபாய்க்கு விற்கலாம் என்று தெரிந்த பொருளை எந்த வியாபாரியும் உங்களிடம் 60க்கு மேல் எடுக்க மாட்டார். அவருக்கும் கடை வாடகை இருக்கிறது, வருடக்கணக்கில் முடங்கும் பணம் இருக்கிறது. 20 லட்சத்தில் 60 சதவீதம் 12 லட்சம். எல்லாம் விற்றுத் தீர இன்னும் இரண்டு வருடம் ஆனால் மேலும் 1.9 லட்சம் வட்டி சேர்ந்து அடக்கம் 11.9 லட்சத்துக்கு வந்துவிடும். அவருடைய கணக்கே பலித்தாலும் உங்களுக்கு மிச்சம் பத்தாயிரம் ரூபாய். அவருடைய கணக்கு பலிக்காது என்பது அடுத்த விஷயம்.

மதிப்பிடுவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். பழம்பொருளில் கேட்கிற விலை, விற்ற விலை என்று இரண்டு உண்டு. இணையத்தில் ஒரு கிராமபோனுக்கு 2 லட்சம் என்று யார் வேண்டுமானாலும் போடலாம். மூன்று வருடமாக அது விற்காமல் கிடப்பது அந்தப் பக்கத்தில் தெரியாது. டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டு லட்சத்துக்குப் போகும் என்று வாட்ஸ்அப்பில் வருவதும் இதே ரகம். பழைய நாணயம், நோட்டு வாங்குவதாகத் தன் பெயரைச் சொல்லி கமிஷன் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே அறிவிப்பு வெளியிட வேண்டியிருந்தது. நமக்கு வேண்டியது விற்ற விலை. நாணயத்துக்கு அது கிடைக்கும். டோடிவாலா, மருதர் ஆர்ட்ஸ் போன்ற ஏல நிறுவனங்களின் பட்டியல்களில் எந்தக் காசு எந்த நிலையில் என்ன விலைக்குப் போனது என்று பார்க்கலாம்.

முதலில் உங்கள் 40 வெள்ளி ரூபாய்கள். விக்டோரியா, ஏழாம் எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட ஒரு ரூபாய்க் காசின் எடை 11.66 கிராம், அதில் சுத்த வெள்ளி 10.69 கிராம். 1940-லிருந்து வெள்ளி பாதியாகிவிட்டது. 1947 காசு வெறும் நிக்கல், காந்தத்தில் ஒட்டும். உங்கள் பட்டியலில் 31 காசுகள் 11.4 கிராமுக்கு மேல் இருக்கின்றன. மீதி ஒன்பது 10 கிராமைத் தாண்டவில்லை. கைமாறிக் கைமாறித் தேய்ந்தால் கால் கிராம் குறையும், ஒன்றரைக் கிராம் குறையாது. ஒன்பதும் போலி என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். மீதி 31-ம் நாட்டில் எக்கச்சக்கமாகப் புழங்கிய வருடங்கள், ஆகவே வெள்ளி விலைதான் கிடைக்கும். வெள்ளி தினம் மாறுகிறது. கணக்குக்குக் கிராம் 150 ரூபாய் என்று வைத்தால் சுமார் 50,000. அன்றைய விலையைப் போட்டு நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். 1.4 லட்சம் கொடுத்தீர்கள். "1818, கிழக்கிந்தியக் கம்பெனி" என்று எழுதி ராமர், சீதை போட்ட செப்புக் காசு ஒன்றையும் இலவசமாகக் கொடுத்தார் என்றீர்களே, கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. இலவசமாகக் கொடுத்தவரை லாபம்.

கிராமபோன். பளபளக்கிற பித்தளைக் குழல், எட்டுக் கோணப் பெட்டி, அதன் மேல் நாய்ப் படம். பழைய போர்ட்டபிள் பெட்டியின் மோட்டாரைக் கழற்றிப் புதுப் பெட்டியில் வைத்து, புதுக் குழலைப் பொருத்தி விற்கிற பழக்கம் இங்கே பல வருடமாக இருக்கிறது, உங்களுடையதும் அதுதான். 1930களில் நம் வீடுகளில் பரவலாக இருந்த போர்ட்டபிள், கைப்பிடி வைத்த கறுப்புப் பெட்டி. குழல் உள்ளேயே அடங்கியிருக்கும், வெளியே தெரியாது. சினிமா செட்டுக்குத்தான் நீட்டிய குழல் வேண்டும். நானும் ஒரு காலத்தில் "லண்டன், 1915" என்று பொறித்த பித்தளைத் தொலைநோக்கி ஒன்றை வாங்கி ஏமாந்தவன்தான். இப்போது அது என் மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்கப் பயன்படுகிறது.

ரவிவர்மா படம் இரண்டில் ஒன்று தேறலாம். அவர் 1894-ல் மும்பையில் தொடங்கிய அச்சகத்தின் படங்கள் கல் அச்சில் வந்தவை. பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். கல் அச்சில் புள்ளிகள் கையால் வைத்ததுபோல ஒழுங்கில்லாமல் கிடக்கும். இன்றைய ஆப்செட் அச்சில் நான்கு நிறப் புள்ளிகள் பூப்பூவாக வரிசை கட்டி நிற்கும். தாள் பழுப்பாக இருப்பதை வைத்து வயதைச் சொல்லாதீர்கள், டீத்தூள் தண்ணீர் போதும் அதற்கு. சரஸ்வதி படத்தை இப்படிச் சோதித்துப் பாருங்கள். லட்சுமி படம் உங்கள் புகைப்படத்திலேயே ஆப்செட் என்று தெரிகிறது.

பித்தளை 110 கிலோ என்கிறீர்கள். பழைய பித்தளையாகக் கிலோ 500 ரூபாய் அளவில் போனால் 55,000. எனாமலில் அடியில் சுவீடன் முத்திரை உள்ள டிபன் கேரியர்களுக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் கேட்பார் உண்டு, போட்டதில் பாதி வந்தால் சந்தோஷம். பெட்டகம் நல்ல மரம், ஆனால் செட்டிநாட்டு வீடுகளைப் பிரிக்கப் பிரிக்கப் பெட்டகமும் தூணும் சந்தைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. வாங்குவது பெரும்பாலும் விடுதிக்காரர்களும் வீட்டு அலங்காரம் செய்பவர்களும்தான். அவர்கள் வருகிற மாதம் விலை, வராத மாதம் விறகு.

தஞ்சாவூர் ஓவியத்தில்தான் பெரிய அடி. 150 வருடம் என்று சொல்லி விற்றிருக்கிறார். பின்பக்கப் படத்தில் ஓரம் அடுக்கடுக்காகத் தெரிகிறதே, அது பிளைவுட். அந்தக் காலத்தில் இதைப் பலகைப் படம் என்பார்கள். பலா மரப் பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் கோந்தும் குழைத்துப் பூசிச் செய்தது. உங்களிடம் இருப்பது அழகான புதுப் படம். பூஜையறையில் இருக்கட்டும், சொத்துக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இங்கேதான் சிலை விஷயம் வருகிறது. 1972-ல் கொண்டுவந்து 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறையில் உள்ள தொல்பொருள் சட்டப்படி, நூறு வருடத்துக்கு மேற்பட்ட கல், உலோக, சுடுமண் சிற்பங்களையும் ஓவியங்களையும் வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும், கைமாறினால் தெரிவிக்க வேண்டும். விற்பனைத் தொழில் செய்பவருக்குத் தொல்லியல் துறையின் உரிமம் வேண்டும். வெளிநாட்டுக்குத் தனியார் அனுப்பவே முடியாது. ஆகவே கொழுந்தனாரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: பதிவுச் சான்று எங்கே? சிலை பழையது, சான்று இல்லை என்றால் வில்லங்கம். புதியது என்றால் 3 லட்சம் எதற்கு? ஏதாவது ஒரு கோயிலில் காணாமல் போனதாக இருந்துவிட்டால் போன பணம் திரும்பாது. அதோடு, 1983 முதல் சிலைத் திருட்டுக்கென்றே தமிழ்நாடு காவல்துறையில் தனிப்பிரிவு இருக்கிறது. ஆசிரியை வேலையில் இருக்கிற நீங்கள் அந்த வாசலில் போய் நிற்க வேண்டுமா? இதே வேகத்தில் போனால் அடுத்த வருடம் இரிடியக் கலசம் வந்திருக்கிறது அண்ணி என்று சொன்னாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

வரி பற்றிக் கேட்டீர்கள். ஓவியம், சிற்பம், தொல்பொருள் சேகரிப்பு இவற்றை வீட்டு உபயோகப் பொருள் என்று சொல்லித் தப்ப முடியாது. இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்தில் 12.5 சதவீதம் வரி. லாபம் வந்தால் பார்த்துக்கொள்வோம். உடன் வேலை பார்ப்பவர் சொன்னதாக, புகழ்பெற்ற ஓவியத்தைப் பங்கு பங்காகப் பிரித்து செயலியில் விற்கும் திட்டத்தைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். பூஜையறையில் மாட்டவும் முடியாது, அவசரத்துக்கு விற்கவும் முடியாது. அது வேண்டாம்.

அப்புறம் செய்ய வேண்டியது. பித்தளை, வெள்ளிக் காசு, எனாமல் மூன்றையும் இந்த மாதமே விற்றால் 1.4 லட்சம் வரை வரும். மேலே பத்தாயிரம் போட்டு 22% கடனை மூடுங்கள். வங்கியில் மூன்று தனித்தனிக் கணக்குகளாக நகை இருக்கிறது. சிறிய கணக்கிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக மீட்டுக்கொண்டு வாருங்கள். மாதம் 25,000 கட்டினால் இரண்டரை வருடத்துக்குள் எல்லா நகையும் வீட்டுக்கு வந்துவிடும். இப்போது வட்டிக்கு எட்டாயிரம் கட்டுகிறீர்கள். சாமானுக்கு என்று மாதாமாதம் எட்டு, பத்து ஆயிரம் கொழுந்தனாருக்குப் போவதாக உங்கள் செலவுக் குறிப்பில் இருக்கிறது. மேலும் ஏழாயிரம் முதல் ஒன்பதாயிரம் வரைதான் தேட வேண்டும். மகள் கல்லூரி சேரும் வருடத்தில் கொஞ்சம் கடன் பாக்கி இருக்கும். படிப்புக்குத் தேவைப்பட்டால் மீட்ட நகையைத் திரும்ப வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

பெட்டகம், ஓவியம், கிராமபோன், ரவிவர்மா படங்கள் ஆகியவற்றுக்கு 4.65 லட்சம் போட்டிருக்கிறீர்கள். 20 லட்சத்தில் இவற்றுக்கு மட்டும் எவ்வளவு என்று கொழுந்தனாரையே ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். பிறகு, அதில் பாதி விலைக்கு நீயே எடுத்துக்கொள் தம்பி என்று உங்கள் கணவர் சொல்லட்டும். நீங்கள் பேச வேண்டாம்; அண்ணன் பேசினால் வீட்டு விஷயம், அண்ணி பேசினால் பிறந்த வீடு வரை இழுபடும். எடுத்துக்கொண்டால் அந்தப் பணம் நேராக வங்கிக்குப் போகட்டும். எடுத்துக்கொள்ளவில்லை என்றால் 20 லட்சத்தைப் பற்றி அவரே பதில் சொல்லிவிட்டார்.

கடைசிப் படத்தில், உங்கள் அம்மாவின் சுருக்குப்பையில் இருந்தது என்று ஒரு ரூபாயைத் தனியாக அனுப்பியிருக்கிறீர்கள். ஐந்தாம் ஜார்ஜ், 1911. ராஜாவின் அங்கியில் இருந்த யானை பன்றி மாதிரித் தெரிகிறது என்று சர்ச்சையாகி, அடித்ததில் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்து உருக்கிவிட்டார்கள். எடை சரியாக இருந்தால், வெள்ளி விலைக்கு மேல் கொடுத்து வாங்க ஆள் இருக்கிற ஒரே காசு உங்கள் வீட்டில் அதுதான். புளியோ பீதாம்பரியோ போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், தேய்த்த காசுக்கு விலை இறங்கும். ஒரு காகித உறையில் போட்டு வையுங்கள். மற்ற காசுகளை விற்கக் கொண்டுபோகும்போது இது தவறிக்கூட அந்தப் பையில் சேர்ந்துவிட வேண்டாம்.