ஓப்பன் சோர்ஸில் ஒரு டெஸ்ட் ஃபெயில் ஆனாலும் மாற்றத்தை ஏன் சேர்ப்பதில்லை?

ஓப்பன் சோர்ஸ் என்றால் நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும், யாரும் அதில் மாற்றம் செய்து அனுப்பலாம். டெஸ்ட் என்பது ஒரு நிரலைச் சரிபார்க்கும் இன்னொரு குட்டி நிரல். "100 ரூபாய்க்கு 5 சதவீத வரி போட்டால் 105 வருகிறதா?" என்று கேட்கும். வந்தால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. யார் மாற்றம் அனுப்பினாலும் இப்படிப் பல கேள்விகள் தானாகவே ஓடும்.

எழுதியவர் ஒருவர், மாற்றுகிறவர் வேறொருவர், இருவரும் முகம் பார்த்ததில்லை. அந்த வரி ஏன் அப்படி இருக்கிறது என்பதை எழுதியவரே மறந்திருப்பார். டெஸ்ட் மறக்காது. எஸ்க்யூலைட் (SQLite) என்ற தரவுத்தள மென்பொருளில் நிரலைவிட டெஸ்ட் சுமார் 590 மடங்கு அதிகம் என்றால் பாருங்களேன்!

பாலக்காட்டு எல்லையில், எங்கள் மீனாட்சிபுரம் பக்கம் பால் சொசைட்டி வரிசையில் நின்றவர்களுக்கு இது சட்டெனப் புரியும். எத்தனை வருடமாக ஊற்றுகிறவர் என்றாலும் பாலின் அடர்த்தியைக் காட்டும் லாக்டோமீட்டரை மிதக்கவிட்டுப் பார்த்த பிறகுதான் அவர் பால் பொதுக் கேனுக்குள் போகும். அவமானம் ஒன்றுமில்லை, எல்லோருக்கும் அதே அளவுகோல். ஒரு வீட்டுத் தண்ணீர்ப் பால் கலந்துவிட்டால் கேன் முழுக்க நீர்த்துப்போகும். அப்புறம் யார் பால் என்று எப்படிப் பிரிப்பது? ஏற்கெனவே சிவப்பாகக் கிடக்கும் திட்டமும் அப்படித்தான், புதிதாக உடைத்தது யாரென்றே தெரியாது. கேரளத்துக்குள் நுழையும் டேங்கரை எல்லையில் மறுபடி சோதிப்பதுபோல, சேர்த்த பிறகும் டெஸ்ட்டை இன்னொரு முறை ஓட்டுவார்கள்.

எல்லாம் பச்சை என்றால் பிழையே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, கேட்ட கேள்விகளுக்குச் சரியான பதில் வந்திருக்கிறது, அவ்வளவுதான். தண்ணீரோடு சர்க்கரையும் கலந்த பாலிடம் லாக்டோமீட்டரும் ஏமாறும்.