ரப்பர் தோட்ட வேலைக்குப் பின் காய்ச்சல்: உண்ணிக் காய்ச்சலா?

பேச்சிப்பாறைப் பக்கம் தோட்ட வேலைக்குப் போய் வந்தவருக்குக் காய்ச்சல், அது உண்ணிக் காய்ச்சலா என்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் ஸ்க்ரப் டைஃபஸ் எனப்படும் இந்த உண்ணிக் காய்ச்சலைப் பரப்புவது மாட்டு உண்ணி அல்ல. எலி திரியும் புதர்களில் இருக்கும், கடுகைவிடச் சிறிய சிற்றுண்ணியின் இளம்புழு. கடித்து 6 முதல் 21 நாளில் காய்ச்சல் வரும்.

அக்குள், தொடையிடுக்கு, இடுப்பில் துணி இறுகும் இடத்தைப் பாருங்கள். சிகரெட் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருந்தால் ஏறக்குறைய உறுதி. வலிக்காது, அதனால்தான் தவறவிடுகிறார்கள். முதல் வாரத்தில் ஐஜிஎம் எலிசா என்ற ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் காட்டலாம். அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். பெரியவர்களுக்கு வழக்கமாக டாக்சிசைக்ளின் 100 மி.கி. இரண்டு வேளை, கர்ப்பிணிக்கு அசித்ரோமைசின். இரண்டையும் மருத்துவர்தான் எழுத வேண்டும். பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கும்.

தடுப்பில் ஒரு தவறு: எலியை மட்டும் கொன்றால் பசித்த சிற்றுண்ணி ஆளைத் தேடும். முதலில் புதரை வெட்டுங்கள்.