ஆகஸ்ட்டில் தீனோஸ் தீவு: வயதான அம்மாவோடு போகலாமா?

கேள்வி: ஆகஸ்ட் 8 முதல் 20 வரை கிரீஸ் போகிறோம். மிக்கோனோஸில் தங்கல். பக்கத்துத் தீவான தீனோஸில் ஆகஸ்ட் 15 மாதா திருவிழா பிரசித்தம் என்கிறார்கள். அன்று காலையில் போய் மாலையில் திரும்பலாமா? அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. நாங்கள் சுத்த சைவம்.

பதில்: தீனோஸுக்குக் கட்டாயம் போங்கள். 15ஆம் தேதி மட்டும் வேண்டாம். அன்று மாதா படத்தைத் துறைமுகம்வரை பவனியாக எடுத்து வருவார்கள். அது தங்கள் மேல் கடந்து போகட்டும் என்று நோயாளிகள் நடுத்தெருவில் படுத்திருப்பார்கள். பார்க்க வேண்டிய காட்சிதான், ஆனால் அந்த வெயிலிலும் நெரிசலிலும் உங்கள் அம்மாவால் நிற்க முடியாது. 9, 10 தேதிகளில் போய் ஓர் இரவாவது தங்குங்கள்.

வேண்டுதலைப் பார்க்கத் திருவிழா நாளே வேண்டும் என்பதில்லை. துறைமுகத்திலிருந்து கோயிலுக்கு ஏறும் சாலையோரம் கம்பளம் விரித்திருக்கும். வேளாங்கண்ணி மணற்பாதையில் போவதுபோல, மற்ற நாட்களிலும் யாராவது அதில் முழங்காலால் ஏறிக்கொண்டிருப்பார்கள். அவர்களைப் படமெடுக்காதீர்கள். அம்மாவை டாக்ஸியில் மேலே அழைத்துப் போங்கள். அதன்பிறகும் கோயில் படிகள் இருக்கின்றன.

பெலாகியா என்ற கன்னியாஸ்திரீ கண்ட காட்சிகளை நம்பித் தோண்டியபோது, 1823 ஜனவரி 30 அன்று கிடைத்ததுதான் கோயிலில் உள்ள அந்த மாதா படம். இப்போது நகைகளுக்கு அடியில் முகமே சரியாகத் தெரியாது. அதற்காக வரிசையில் நின்றுவிட்டு உடனே வெளியே வந்துவிடாதீர்கள், அண்ணாந்து பாருங்கள். விளக்குகளுக்குக் கீழே வெள்ளியில் கண், கால், தொட்டில், கப்பல் என்று காணிக்கைகள் தொங்கும். ஒரு கப்பலின் அடியில் மீன் ஒன்று செருகியிருக்கும். நடுக்கடலில் ஓட்டை விழுந்த கப்பலை மீன் அடைத்துக் காப்பாற்றியதாகக் கதை. கீழ்த்தளத்தில் எல்லி என்ற கிரேக்கப் போர்க்கப்பலின் நினைவிடம் இருக்கிறது. 1940 ஆகஸ்ட் 15 அன்று, திருவிழாவுக்கு வந்து நின்ற அந்தக் கப்பலை இத்தாலிய நீர்மூழ்கி இந்தத் துறைமுகத்திலேயே மூழ்கடித்தது. கோயிலுக்குள் தோளும் முழங்காலும் மூடிய உடை அவசியம்.

மறுநாள் காலை பஸ் பிடித்து பிர்கோஸ் போங்கள். என்னைக் கேட்டால் கோயிலைவிட இந்த ஊருக்குத்தான் அதிக நேரம் தருவேன். இங்கே பஸ் நிறுத்தமே சலவைக்கல். வீட்டு வாசல்களுக்கு மேலே பறவையும் கப்பலும் பூவும் செதுக்கிய கல் பலகைகள். இந்தக் கைத்தொழிலை 2015இல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சிற்பி யானூலிஸ் ஹலெபாஸ் பிறந்த வீடு இப்போது அருங்காட்சியகம். மனநோய் விடுதியிலிருந்து ஊர் திரும்பியவர், சிலை வடிப்பதைத் தடுத்துவந்த தாய் 1916இல் இறந்த பிறகுதான் மறுபடி முழுமூச்சாக வேலையில் இறங்கினார்.

கல்லால் கட்டிய புறாக்கூடுகளைத் தேடித் தாரம்படோஸ் கிராமப் பாதையில் அம்மாவை நடக்கவைக்காதீர்கள், கரடுமுரடான வழி. வெனிஸ்காரர்கள் ஆண்ட காலத்தில் இறைச்சிக்கும் எருவுக்கும் புறா வளர்க்கத் தொடங்கிய வழக்கம் இது. கல் பில்லைகளால் முக்கோணமும் சூரியனும் கோத்த சுவர்கள் பஸ் ஜன்னலிலிருந்தே தெரியும். நேரம் மிஞ்சினால் உருண்டைப் பாறைகளுக்கு நடுவே கூடை முடையும் வோலாக்ஸ் கிராமம்.

தீவில் விமான நிலையம் கிடையாது. ஆகஸ்ட்டில் மெல்தெமி என்ற வடகாற்று வீசும். அது பலமானால் முதலில் ரத்தாவது சிறிய அதிவேகப் படகுகள்தான். கொஞ்சம் மெதுவானாலும் பெரிய கப்பலுக்கே டிக்கெட் எடுங்கள். ஊர் திரும்பும் விமானத்துக்கும் கடைசிக் கப்பலுக்கும் நடுவே ஒரு நாளாவது இடைவெளி இருக்கட்டும்.

சாப்பாட்டுக்கும் முன்னதாகப் போவதே வசதி. ஆகஸ்ட் 1 முதல் 14 வரை இங்குள்ள ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் நோன்பு. 'நிஸ்டீசிமோ' என்று கேட்டால் இறைச்சி, முட்டை, பால் இல்லாத உணவு தருவார்கள்: பெரிய வெள்ளை பீன்ஸ், பருப்பு மசியல், திராட்சை இலையில் மடித்த சோறு. ஆனால் கணவாயும் ஆக்டோபஸும் இறாலும் அவர்கள் நோன்பில் சாப்பிடலாம். அதனால் கடல் உணவும் கூடாது என்று தனியாகச் சொல்லுங்கள்.