போர்க்காலப் பெண்களைப் பற்றிய பயணப் பாடத்துக்காகத் தங்கையை லண்டன் அனுப்பலாமா? செலவுக்குத் தகுமா?

அனுப்புங்கள். வட்டிக்குக் கடன் வாங்கித்தான் அனுப்ப வேண்டும் என்ற நிலை இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

அமெரிக்காவில் முதுகலை படித்தபோது இதே போன்ற ஒரு பாடத்தில் நானும் சேர்ந்தேன். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் பெண்கள் என்பது தலைப்பு. ஒரு பருவம் முழுக்க வகுப்பில் வாசிப்பு, பிறகு பன்னிரண்டு நாள் இங்கிலாந்து. "ஊர் சுற்றினால் மதிப்பெண் தருவார்களா?" என்று அப்பா தொலைபேசியில் கேட்டார். உங்கள் கேள்வியிலும் அதே சந்தேகம் தெரிவதால்தான் விரிவாக எழுதுகிறேன்.

பிளெட்ச்லி பார்க் பற்றிப் போவதற்கு முன்பே படித்திருந்தேன். எனிக்மா என்ற கருவியால் ஜெர்மானியர் எழுதிய சங்கேதத்தை உடைத்த இடம். அங்கே வேலை செய்தவர்களில் நான்கில் மூன்று பங்கு பெண்கள் என்ற வரியையும் படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தேன். அந்த வரி 'பாம்ப்' இயந்திரத்தின் முன்னால் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. சங்கேதத்தின் அன்றாட அமைப்பைத் தேடிப் பிடிக்கும் இயந்திரம் அது. பழையபடியே மீண்டும் செய்து ஓடவிட்டிருக்கிறார்கள். ஆள் உயரத்துக்கும் மேலான அலமாரி போல இருக்கிறது. வரிசை வரிசையாக உருளைகள், ஒவ்வோர் உருளையின் பின்புறமும் மெல்லிய கம்பித் தூரிகைகள். ஒரு கம்பி வளைந்து பக்கத்துக் கம்பியைத் தொட்டால் போதும், மொத்தக் கணக்கும் கெட்டுவிடும். கடற்படையின் பெண்கள் பிரிவைச் சேர்ந்த இளம்பெண்கள் சிறிய இடுக்கியை வைத்துக்கொண்டு அந்தக் கம்பிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தினார்கள். எட்டு மணி நேர ஷிப்ட், இரவும் பகலும். நான் பள்ளிபாளையத்துக்காரி, விசைத்தறிச் சத்தத்தில் வளர்ந்தவள். அந்த இயந்திரம் ஓடத் தொடங்கியதும் எங்கள் தெரு நினைவுக்கு வந்தது. ஓர் இயந்திரத்துக்கே அவ்வளவு சத்தம். அவர்கள் நின்ற கூடங்களிலோ இப்படிப் பல. போர் முடிந்த பிறகும் சுமார் முப்பது ஆண்டுகள் அவர்கள் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. கணவரிடம்கூடச் சொல்லாமல் இருந்தவர்கள் உண்டு.

19 வயதில் அங்கே வேலைக்கு வந்த மேவிஸ் லீவரின் கதையை உங்கள் தங்கையிடம் இப்போதே சொல்லிவையுங்கள். எனிக்மாவில் எந்த எழுத்தை அழுத்தினாலும் அதே எழுத்து வெளியே வராது. எனிக்மாவையே பயன்படுத்திய இத்தாலியக் கடற்படையின் ஒரு நீண்ட சங்கேதச் செய்தியில் 'எல்' என்ற எழுத்து ஓரிடத்தில்கூட இல்லை என்பதை மேவிஸ் கவனித்தார். ஏதோ ஒரு வெற்றுச் செய்தியை அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள்; அனுப்பியவர் சலிப்பில் 'எல்' விசையையே அழுத்திக்கொண்டிருந்திருக்கிறார். இல்லாத ஓர் எழுத்தை வைத்துக் கருவியின் உள் அமைப்பையே கண்டுபிடித்துவிட்டார்கள்!

லண்டன் ஒயிட்ஹால் வீதியில் 2005-ல் அந்தப் போரின் பெண்களுக்காகத் திறந்த வெண்கல நினைவுச்சின்னம் ஒன்று இருக்கிறது. அதில் பெண்ணின் முகம் ஒன்றுகூட இல்லை. 17 உடைகள் கொக்கிகளில் தொங்குகின்றன, அவ்வளவுதான். எங்கள் குழுவில் பலருக்கு அது பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்தது. போர் முடிந்ததும், "சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வீட்டுக்குப் போங்கள்" என்று அந்தப் பெண்களிடம் சொன்னார்களே, அதை அப்படியே வார்த்து வைத்ததாகத் தோன்றியது.

எங்களில் ஒவ்வொருவரும் ஒரு பெண்ணைத் தேர்ந்துகொண்டு, அவருக்குரிய இடத்திலேயே நின்று பேச வேண்டும். நான் எடுத்துக்கொண்டது நூர் இனாயத் கானை. திப்பு சுல்தானின் வழிவந்தவர்; குழந்தைகளுக்குக் கதை எழுதியவர்; ஜெர்மனி பிடித்துவைத்திருந்த பிரான்சுக்கு பிரிட்டன் ரகசியமாக அனுப்பிய முதல் பெண் வயர்லெஸ் ஆபரேட்டர். 1944 செப்டம்பரில் ஜெர்மனியின் டாகாவ் வதைமுகாமில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். லண்டன் கார்டன் சதுக்கத்தில் இருக்கும் அவருடைய மார்பளவுச் சிலையின் அருகே நின்று பேசும்போது ஒன்று உறுத்தியது. அவர் பிரான்சில் இறங்கியது 1943 ஜூனில். அதே ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூரில், சென்னையைச் சேர்ந்த மருத்துவர் லட்சுமி சுவாமிநாதன் தலைமையில், அதே பிரிட்டனை எதிர்த்து, நேதாஜியின் பெண்கள் படையான ஜான்சி ராணி படையின் பயிற்சி முகாம் தொடங்கியது. அதில் சேர்ந்தவர்களில் நிறையப் பேர் மலேயா ரப்பர் தோட்டங்களின் தமிழ்ப் பெண்கள். இந்திய மண்ணைக் கண்ணால்கூடக் காணாதவர்கள் அவர்களில் பலர். எங்கள் பாடத்திட்டத்தில் அவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. அன்று மாலையே பேராசிரியரிடம் சொன்னேன். அவர் ஒதுக்கித் தள்ளவில்லை. இறுதிக் கட்டுரையை அதைப் பற்றியே எழுதச் சொன்னார். படித்த காலத்தில் நான் மனதார எழுதிய கட்டுரை அதுதான்.

பணம் கட்டும் முன் கல்லூரியில் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள்: பயணத்துக்கு முன் வாசிப்பு வகுப்புகள் உண்டா, மாணவர்கள் தாங்களே தலைப்பைத் தேர்ந்துகொள்ளலாமா. இரண்டுக்கும் இல்லை என்றால், அது வெறும் சுற்றுலாதான். இன்னொன்று. பாம்ப் இயந்திரம் இருப்பது பிளெட்ச்லி வளாகத்துக்குள்ளேயே இருக்கும் கணினி அருங்காட்சியகத்தில், அதற்குத் தனி டிக்கெட். குழு அதைப் பார்க்காமல் திரும்பினால், ஓய்வு நாளில் தங்கையைப் போய்வரச் சொல்லுங்கள். யூஸ்டன் நிலையத்திலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது.