4கே திரையா, வேகமான கணினியா? முதலில் கிராபிக்ஸ் கார்டின் முழுப் பெயரைக் கேளுங்கள்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் கேமிங் கணினி கேட்கிறான். கால்பந்து விளையாட்டும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டும்தான் அதிகம் ஆடுவான். பகலில் அதே கணினியில் நான் கணக்கு வேலை பார்ப்பேன். ஏறக்குறைய ஒரே தொகைக்கு இரண்டு கொட்டேஷன்கள் வந்திருக்கின்றன. முதலாவதில் ‘ஐ7 பிராசசர், 16 ஜிபி ரேம், 8 ஜிபி கிராபிக்ஸ்’ கொண்ட கணினியோடு 32 அங்குல வளைந்த 4கே மானிட்டர். 144 ஹெர்ட்ஸ், எச்டிஆர், 1 மில்லி விநாடி என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டாவதில் ஐ5-13400எஃப், ஆர்டிஎக்ஸ் 4070 12 ஜிபி கார்டு, 24 அங்குல ஃபுல் எச்டி 75 ஹெர்ட்ஸ் மானிட்டர். முதலாவதுதான் லாபம் என்று எங்களுக்குத் தெரிந்த ஒருவர் அடித்துச் சொல்கிறார். எதை வாங்கலாம்?

பதில்: இரண்டாவது கணினியை வாங்குங்கள். அதனோடு தரும் மானிட்டரை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து 27 அங்குல ஐபிஎஸ் (பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத திரை வகை) மானிட்டர் ஒன்றைத் தனியாக வாங்குங்கள். அதில் 2560×1440 பிக்சல்களும் 144 ஹெர்ட்ஸோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். 1440பி, கியூஎச்டி, 2கே என்று ஆளுக்கொரு பெயரில் விற்பது இதைத்தான். கூடுதல் பணத்துக்கு என்ன செய்வது என்றால், கேபினெட்டில் மினுமினுக்கும் விளக்குகளையும் தண்ணீர் ஓடும் கூலரையும் வெட்டுங்கள். ஐ5-13400எஃப் பிராசசருக்குச் சாதாரணக் காற்றாடியே தாராளம். முதல் கொட்டேஷனைத் திரும்பிப் பார்க்கவும் வேண்டாம்.

காரணம் எளிது. விளையாட்டில் ஒவ்வொரு காட்சியையும் வரைவது கிராபிக்ஸ் கார்டு. மானிட்டர் அதைக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஃபுல் எச்டி திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள், 1440பி திரையில் 36.9 லட்சம், 4கே திரையில் 82.9 லட்சம். ஆக, 4கே என்றால் கார்டுக்கு ஃபுல் எச்டியைப்போல் நான்கு மடங்கு வேலை. 144 ஹெர்ட்ஸ் திரை விநாடிக்கு 144 காட்சிகள் கேட்கும். ஒரு காட்சியை வரைய 7 மில்லி விநாடிகூட முழுதாகக் கிடைக்காது. கார்டு திணறித் திணறி 40 காட்சிகள் வரைந்தால், 144 ஹெர்ட்ஸ் திரையிலும் அந்த 40தான் தெரியும். உங்கள் இரண்டாவது கொட்டேஷனில் தவறு எதிர்த்திசையில் இருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 4070 கார்டு ஃபுல் எச்டியில் பல விளையாட்டுகளை நூறு காட்சிகளுக்கு மேல் வரைந்து தள்ளும். 75 ஹெர்ட்ஸ் திரை அதில் 75ஐக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும்.

1440பி மானிட்டர் கேட்டுப் போகும்போது 27 அங்குல ஃபுல் எச்டியை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். பெட்டி அதே அளவு, படத்திலும் வித்தியாசம் தெரியாது. ஆனால் 27 அங்குலத்தில் 1440பி என்றால் அங்குலத்துக்கு 109 பிக்சல்கள். ஃபுல் எச்டி என்றால் 82தான். கணக்குத் தாளின் சின்ன எண்கள் அதில் ஓரம் கரடுமுரடாகத் தெரியும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ‘8 ஜிபி கிராபிக்ஸ்’ என்று எழுதித் தரும் கொட்டேஷனை நான் கொட்டேஷனாகவே மதிப்பதில்லை. 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1070 கார்டிலும் 8 ஜிபி நினைவகம்தான். 2017இல் வந்த ஆர்எக்ஸ் 580, 2020இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3070, 2023இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060 ஆகியவற்றிலும் 8 ஜிபி உண்டு. இவற்றுக்கிடையே வேகம் மலைக்கும் மடுவுக்குமாக மாறுகிறது. எந்தக் கார்டு என்று எழுதாமல் ஜிபியை மட்டும் எழுதுகிறவர், எழுத முடியாத காரணம் ஒன்றை வைத்திருக்கிறார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

முழுப் பெயர் என்றால் கடைசி எழுத்து வரை முழுப் பெயர். இதில் கடைக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை, தயாரிப்பாளர்களே வழி காட்டிக் கொடுக்கிறார்கள். ஜிடிஎக்ஸ் 1060 என்ற ஒரே பெயரில் 3 ஜிபி, 6 ஜிபி என இரண்டு கார்டுகள் வந்தன. நினைவகம்தான் குறைவு என்று நினைத்து வாங்கினால், உள்ளே கணக்கிடும் அலகுகளான கோர்களும் 1280இலிருந்து 1152ஆகக் குறைந்திருந்தன. ஆர்எக்ஸ் 580 பெயருக்குப் பின்னால் ‘2048எஸ்பி’ என்று ஒட்டி வந்தது உண்மையில் அதைவிடக் கீழ்நிலைக் கார்டு. 2022 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் கார்டுகளைத் தயாரிக்கும் என்விடியா நிறுவனத்தார் ஆர்டிஎக்ஸ் 4080 என்று 12 ஜிபியிலும் 16 ஜிபியிலும் இரண்டு வேறு சில்லுகளை அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் அடுத்த மாதமே 12 ஜிபி கார்டைத் திரும்பப் பெற்றார்கள். அது ஆர்டிஎக்ஸ் 4070 டிஐ என்ற பெயரில் 2023 ஜனவரியில் வந்தது. மூடி மறைத்தது அம்பலமானால் பெயரை மாற்றுவது, ஆகாவிட்டால் அப்படியே விற்பது என்பதுதான் இந்தத் துறையின் நடைமுறையாக இருக்கிறது. 2025 ஜனவரியில் ஆர்டிஎக்ஸ் 5070 கார்டு 4090இன் வேகத்தைத் தரும் என்று மேடையில் அறிவித்தார்களே, அதுவும் செயற்கை நுண்ணறிவு இடையில் செருகும் காட்சிகளையும் சேர்த்து எண்ணிய கணக்கு. செருகிய காட்சி கண்ணுக்கு வழுவழுப்பாக இருக்கும். உங்கள் மகன் மவுஸை அழுத்தியதற்கும் துப்பாக்கி சுடுவதற்கும் இடையிலான தாமதத்தை அது குறைக்காது.

‘ஐ7’ என்பதும் இதே கதை. 2011இல் வந்த ஐ7-2600கூட ஐ7தான். அலுவலகங்களில் கழித்துக் கட்டிய பழைய கணினியின் உள்ளுறுப்புகளைக் கண்ணாடிக் கேபினெட்டில் மாட்டி, நான்கு வண்ணக் காற்றாடிகள் வைத்து, ‘ஐ7 கேமிங் பிசி’ என்று விற்பது அன்றாடம் நடக்கிறது. 2022இல் வந்த ஐ3-12100 பிராசசரிலும் அதே 4 கோர், 8 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசைகள்). ஆனால் ஐ7-2600 அதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது. பழைய ஐ7 என்றால் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. கணக்கு வேலை பார்க்கும் கணினியில் அது சின்ன விஷயம் இல்லை.

கார்டின் பெயரை எழுதி வாங்கிவிட்டாலும் ஏமாற இடம் இருக்கிறது. பழைய கார்டுக்குள் இருக்கும் மென்பொருளை மாற்றி, கணினியே அதைப் புதிய கார்டு என்று காட்டும்படி செய்துவிடுகிறார்கள். இரவும் பகலும் கிரிப்டோ நாணயம் தோண்டிய கார்டுகளைக் கழுவித் துடைத்துப் புதிய பெட்டியில் போடுகிறவர்களும் உண்டு. ஜிபியூ-இசட் என்ற இலவசச் சிறு மென்பொருளைக் கடையிலேயே ஓட்டிப் பாருங்கள். 2018 முதல் அதில் போலி என்விடியா கார்டுகளைக் கண்டுபிடிக்கும் வசதி இருக்கிறது. சந்தேகம் என்றால் கார்டின் பெயருக்கு முன்னாலேயே போலி என்று ஆங்கிலத்தில் போட்டுவிடும். ஓட்ட அனுமதிக்க மாட்டேன் என்று கடைக்காரர் சொன்னால் அதுவே பதில்.

பவர் சப்ளையை யாரும் கேட்பதில்லை, ஆகவே யாரும் நல்லதாக வைப்பதில்லை. ஆர்டிஎக்ஸ் 4070 கார்டுக்கு 650 வாட் பவர் சப்ளையைத் தயாரிப்பாளர் பரிந்துரைக்கிறார். ஸ்டிக்கரில் பெரிதாக எழுதிய வாட்டைப் பார்க்காதீர்கள். பக்கவாட்டிலுள்ள சின்னப் பட்டியலில் 12 வோல்ட் வரிசைக்கு எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12ஆல் பெருக்குங்கள். ‘600 வாட்’ என்று நெற்றியில் எழுதியிருக்கும். 12 வோல்ட்டில் 25 ஆம்பியர் என்று இருக்கும். பெருக்கினால் 300. கார்டும் பிராசசரும் பெரும்பாலும் உறிஞ்சுவது இந்த 12 வோல்ட்டைத்தான். ‘80 பிளஸ்’ முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டும் சொல்லும், கோளாறு வந்தால் தாங்குமா என்பதைச் சொல்லாது.

மானிட்டர் பெட்டியில் அச்சடித்தவற்றில் பாதியை நீங்கள் படிக்கவே தேவையில்லை. ‘1 மில்லி விநாடி’ என்பதை இரண்டு விதமாக அளக்கிறார்கள். ஒன்றில், திரையின் பின்விளக்கை அணைத்து அணைத்துப் போட்டு மங்கலைக் குறைக்கிறார்கள். அந்த வசதியைப் போட்டால் வெளிச்சம் குறையும். இன்னொன்றில் பிக்சலை அளவுக்கு மீறி விரட்டுகிறார்கள். நகரும் உருவத்துக்குப் பின்னால் வெளிறிய நிழல் ஓடும். எச்டிஆர் என்பது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் வசதி. ‘எச்டிஆர் 400’ என்பது அதற்குத் தரும் முத்திரையின் கடைசிப் படி; அந்த வெளிச்சத்தில், பகுதி பகுதியாக மங்கவைக்கும் வசதியும் இல்லாமல், எச்டிஆர் என்று பெருமைப்பட ஒன்றும் இல்லை. வளைந்த திரைகளில் பெரும்பாலானவை விஏ என்ற இன்னொரு திரை வகை. அவற்றில் கறுப்பு நன்றாக இருக்கும், ஆனால் இருட்டுக் காட்சியில் நகரும் உருவம் கரி பூசியதுபோல் இழுபடும். கணக்குத் தாளின் நேர்கோடுகளும் வளைந்து தெரியும்.

மானிட்டரைக் கணினியோடு இணைக்கும் எச்டிஎம்ஐ விஷயத்தில் எனக்குப் பொறுமை போய்விட்டது. எச்டிஎம்ஐ 2.0 என்று ஒன்று இனி இல்லை, எல்லாமே 2.1தான், அதன் புதிய வசதிகள் எல்லாம் விருப்பத்துக்குரியவை என்று உரிமம் வழங்கும் அமைப்பே 2021 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. பழைய துளைக்குப் புதிய எண் ஒட்டினால் அவர்கள் விதிப்படி குற்றமில்லை! சாதாரண வாடிக்கையாளர் இதை எப்படிக் கண்டுபிடிப்பார்? ஆகவே பெட்டியில் வரும் இன்னொரு வகைக் கேபிளான டிஸ்ப்ளே போர்ட் கேபிளில் மாட்டிவிட்டு, அந்தத் தலைவலியிலிருந்து விலகிவிடுங்கள்.

4கே வேண்டாம் என்று சொன்னதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அது உங்களுக்கே பொருந்தலாம் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். 27 அங்குல 4கே திரையில் அங்குலத்துக்கு 163 பிக்சல்கள். எழுத்துகள் அச்சடித்ததுபோல் இருக்கும். ஆனால் அப்படியே வைத்தால் எழுத்து எறும்பளவு சிறுத்துவிடும் என்பதால் விண்டோஸில் 150 சதவீதம் பெரிதாக்க வேண்டியிருக்கும். 3840ஐ 1.5ஆல் வகுத்தால் 2560. அதாவது உங்கள் கணக்குத் தாளில் 1440பி திரையில் எத்தனை பத்திகள் தெரியுமோ அத்தனையேதான் இதிலும் தெரியும். எழுத்தின் கூர்மை மட்டும் கூடும். அந்தக் கூர்மைக்காகப் பணம் கொடுப்பது நியாயமா என்றால், நாள் முழுவதும் எழுத்தையே பார்க்கிற கண்ணுக்கு நியாயம்தான். இங்கே ஒரு முட்டுக்கட்டை வரும். பழைய கணக்கு மென்பொருள்கள் சிலவற்றுக்கு இந்தப் பெரிதாக்கலே தெரியாது. விண்டோஸ் அவற்றைப் படத்தை இழுப்பதுபோல் இழுத்துக் காட்டும். 4கே திரையில் போய் மங்கலான எழுத்தைப் படிப்பீர்கள். எனவே நீங்கள் பயன்படுத்துகிற அதே மென்பொருளை ஒரு 4கே திரையில் 150 சதவீதத்தில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். நன்றாகத் தெரிந்தால் 27 அங்குல 4கே வாங்கலாம். விளையாட்டுக்கு, குறைந்த அளவில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ் என்ற வசதி இருக்கிறது: அதில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ நிலையைத் தேர்ந்தெடுத்தால், 4070 கார்டு ஃபுல் எச்டி அளவில் வரைந்து 4கே அளவுக்கு நிரப்பிக் கொடுக்கும். உங்கள் மகன் கொஞ்சம் முணுமுணுப்பான். துப்பாக்கிச் சண்டையில் 1440பி திரையில் கிடைக்கும் வேகம் அவனுக்கு இதில் கிடைக்காது.

பில் போடும்போது ‘கேமிங் பிசி செட் – 1’ என்று ஒரே வரியில் போட விடாதீர்கள். கார்டு, பிராசசர், மதர்போர்டு, ரேம், பவர் சப்ளை, மானிட்டர் ஒவ்வொன்றும் சீரியல் எண்ணோடு தனி வரியில் வர வேண்டும். ‘எல்லாவற்றுக்கும் 1 ஆண்டு வாரன்டி’ என்று தாராளமாகச் சொல்வார்கள். தயாரிப்பாளரோ கார்டுக்குப் பெரும்பாலும் 3 ஆண்டுகளும், நல்ல பவர் சப்ளைக்கு 5 ஆண்டும் அதற்கு மேலும் கொடுக்கிறார். நடுவில் இருப்பவரின் ஒற்றை வரி பில் அந்த உரிமையை விழுங்கிவிடும். செட்டாக எடுத்தால்தான் இந்த விலை என்றால், விற்காமல் தேங்கிய மானிட்டர் ஒன்றைத் தள்ளிவிடுகிறார் என்று பொருள்.

ரேமையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் நினைவகப் பக்கத்தில் எத்தனை ஸ்லாட்டுகள் நிரம்பியிருக்கின்றன என்று காட்டும். 16 ஜிபி ஒரே துண்டாக இருந்தால், இரண்டு 8 ஜிபியாக மாற்றித் தரச் சொல்லுங்கள். ஒற்றைத் துண்டு விளையாட்டை மந்தமாக்கும். பில்லில் எழுதிய வேகமும் அங்கே தெரியும் வேகமும் ஒத்துப்போகாவிட்டால், கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் என்ற அமைப்புப் பக்கத்தில், ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பைப் போட்டுத் தரச் சொன்னால் போதும்.

மானிட்டர் கேபிளைக் கணினியின் பின்புறம் மேலே இருக்கும் மதர்போர்டு துளையில் மாட்டுவதுதான் புதிதாக வாங்குகிறவர்கள் அதிகம் செய்யும் பிழை. உங்கள் பிராசசர் பெயரின் கடைசியில் ‘எஃப்’ இருப்பதால், அதில் மாட்டினால் படமே வராது. கணினி பழுது என்று பதற வேண்டாம், கீழே கிராபிக்ஸ் கார்டில் இருக்கும் துளையில் மாட்டுங்கள். அதன் பிறகு விண்டோஸ் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதிக்குப் போய், அட்வான்ஸ்ட் டிஸ்ப்ளே என்பதைத் திறந்து பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரும் முதல்முறை 60இலேயே ஓடிக்கொண்டிருக்கலாம், அதை நீங்கள்தான் மாற்ற வேண்டும். முழுத் திரையையும் ஒருமுறை வெள்ளையாகவும் ஒருமுறை கறுப்பாகவும் வைத்து, செத்த பிக்சல்கள் இருக்கின்றனவா என்று வாங்கிய அன்றே பாருங்கள். ஓரிரண்டு இருந்தால் பல நிறுவனங்கள் குறையாகவே எடுத்துக்கொள்வதில்லை. எத்தனை இருந்தால் மாற்றித் தருவார்கள் என்பதைப் பணம் கட்டும் முன் கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.